மலபாரும் ஜென்டூவும்: தமிழுக்கும் தெலுங்குக்கும் ஆங்கிலத்தில் வழங்கிய இருபெயர்கள்
(சித்தூர், திருப்பதிப் பகுதியை முன்வைத்து)

முன்னுரை

ஒரு மொழியைப் பேசும் மக்கள் தம் மொழிக்கு இட்டு வழங்கும் பெயர் ஒன்றாகவும், அயலார் அம்மொழிக்கு இட்டு வழங்கும் பெயர் வேறொன்றாகவும் இருத்தல் உலக மொழிகள் பலவற்றில் காணப்படும் இயல்பாகும். தமிழும் தெலுங்கும் இதற்கு விலக்கல்ல. பதினேழாம் நூற்றாண்டு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை சென்னைப் பட்டினத்து ஆங்கிலேயர் தமிழை 'மலபார்' என்றும் தெலுங்கை 'ஜென்டூ' என்றும் எழுதிவந்தனர். இவ்விரு சொற்களும் அக்கால ஆங்கிலத்தில் அன்றாட வழக்குச் சொற்களாக இருந்தன. இன்று முதற்சொல் வேறு நிலத்திற்கு உரியதாகிவிட்டது. இரண்டாம் சொல் மொழிப்பெயராக வழக்கொழிந்துவிட்டது.

பழைய ஆவணங்களைக் கொண்டு மொழி எல்லை, குடியேற்றம், சமூக வரலாறு ஆகியவற்றை ஆராய்வோர் இச்சொற்களின் பொருளைப் பிழைபடக் கொள்வராயின், அவர்தம் முடிவுகளும் பிழைபடும். தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்கும் சித்தூர், திருப்பதிப் பகுதியைப் பொறுத்தவரை இப்பிழையின் விளைவு சிறிதன்று. ஆகவே இவ்விரு சொற்களின் தோற்றம், பொருள், வழக்கு, மறைவு ஆகியவற்றை ஒப்பிட்டு ஆராய்வதும், எல்லைப்பகுதி வரலாற்றை எழுதுவோர் அவற்றை எவ்வாறு கையாளவேண்டும் என்று காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலபார்: சொல்லும் பொருளும்

'மலபார்' என்னும் சொல்லின் முற்பகுதி 'மலை' என்னும் திராவிடச் சொல்லே என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு பெரிதும் இல்லை. ஆறாம் நூற்றாண்டில் கடற்பயணியான காஸ்மாஸ், மிளகு விளையும் மேலைக் கடற்கரையை 'மலே' என்று குறித்துள்ளார். பின்வந்த அராபியர் வழக்கில் 'பார்' என்னும் ஈறு சேர்ந்து, மலைசார்ந்த மேலைக்கரை முழுவதும் இப்பெயர் பெற்றது. எனவே இச்சொல் தோற்றத்தில் இடப்பெயராகும்.

போர்த்துகீசியர் 1498இல் முதலில் கால்வைத்ததும் நிலைகொண்டதும் இம்மேலைக்கரையில்தான். அங்குக் கேட்ட மொழிக்கு அந்நிலத்தின் பெயரையே இட்டு வழங்கினர். பின்னர் அவர்கள் குமரிமுனையைச் சுற்றிக் கீழைக்கரைக்கு வந்தபோது அங்குக் கேட்ட தமிழ், மேலைக்கரை மொழியோடு நெருங்கிய ஒப்புமை உடையதாக இருந்தமையால், முன்பு பழகிய பெயரையே அதற்கும் நீட்டினர். நிலத்தின் பெயர் முதலில் மக்களுக்கும், பின்னர் மக்களின் மொழிக்கும், அதன்பின் அம்மொழியோடு ஒத்த பிறிதொரு மொழிக்கும் ஆயிற்று. இடவாகுபெயராகத் தொடங்கிய சொல் இவ்வாறு தன் நிலத்தையே விட்டு நீங்கிய பெயர்ச்சியினை இங்குக் காணமுடிகிறது.

இப்பெயர்ச்சி முழுமையாக நிகழவில்லை என்பதற்குத் தொடக்ககால அச்சு நூல்களே சான்றாகின்றன. 1554இல் லிஸ்பனில் அச்சான சிறுநூலின் தலைப்பு தம் மொழியைத் 'தமுல்' என்றே கூறுகிறது. 1578இல் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளார் வெளியிட்ட 'தம்பிரான் வணக்கம்' நூலின் போர்த்துகீசியத் தலைப்பில் 'மலவார்', 'தமுல்' ஆகிய இருபெயர்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. அயலார் இட்ட பெயரும் உரியவர் வழங்கிய பெயரும் ஒரே பக்கத்தில் இணைந்து நின்றமை கருதத்தக்கது.

தரங்கம்பாடியில் பணியாற்றிய சீகன்பால்கு தம் இலக்கண நூலை 1716இல் ஹாலே நகரில் 'தமுலிக இலக்கணம்' என்னும் பொருள்பட இலத்தீனில் வெளியிட்டார். ஆனால் அவரே தமிழரின் சமயத்தைப் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதிய நூல்களில் 'மலபாரியர்' என்னும் பெயரை ஆண்டுள்ளார். மொழியறிஞர்க்கான இலத்தீன் நூலில் தமிழின் தன்பெயர். ஐரோப்பியப் பொதுமக்களுக்கான ஜெர்மன் நூலில் அயலார் பெயர். ஒருவரே படிப்போரை நோக்கி இருவகைப் பெயரையும் கையாண்டார் என்பது இதனால் பெறப்படும்.

ஜென்டூ: சொல்லும் பொருளும்

'ஜென்டூ' என்பதன் வரலாறு இதனினும் வேறுபட்டது. இது நிலத்தின் பெயரன்று. சமயம் சார்ந்த பெயர். புறச்சமயத்தார் என்னும் பொருளுடைய 'ஜென்டியூ' என்னும் போர்த்துகீசியச் சொல்லின் திரிபே இது. அதன் மூலம் இலத்தீன் மொழியில் உள்ளது. இந்தியாவில் தாம் கண்ட மக்களைப் போர்த்துகீசியர் இரு பெரும் பிரிவாக நோக்கினர். இசுலாமியரை 'மூர்' என்றனர்; ஏனையோரை 'ஜென்டியூ' என்றனர். அச்சொல்லையே ஆங்கிலேயரும் தம் நாவுக்கேற்பத் திரித்து ஏற்றுக்கொண்டனர்.

ஒரே கும்பினியின் இரு தலைமை நகரங்களில் இச்சொல் இருவேறு பொருள்களைத் தந்தது என்பதே இங்கு முதன்மையாகக் கருதத்தக்கது. வங்காளத்தில் ஜென்டூ என்பது இந்து என்னும் பொதுப்பொருளிலேயே நின்றது. 1776இல் ஹால்ஹெட் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்ட இந்து சட்டத் தொகுப்பு 'ஜென்டூ சட்டங்கள்' என்றே பெயர்பெற்றது. அந்நூலுக்கும் தெலுங்கு மொழிக்கும் எத்தொடர்பும் இல்லை. சென்னையிலோ ஜென்டூ என்பது தெலுங்கரையும் தெலுங்கு மொழியையுமே குறித்தது. பொதுப்பெயராக இருந்த சொல் ஒரு பகுதிக்கே உரியதாகச் சுருங்குவதை மொழிநூலார் சிறப்புப் பொருட்பேறு என்பர். சென்னையில் நிகழ்ந்தது அதுவேயாகும்.

இச்சுருக்கம் ஏன் நிகழ்ந்தது? இரு காரணங்களைக் கருதலாம். ஒன்று, தமிழர்க்கு 'மலபார்' என்னும் தனிப்பெயர் முன்னரே அமைந்துவிட்டமை. இந்துக்களுள் ஒரு சாராருக்குத் தனிப்பெயர் வாய்த்தபின், பொதுப்பெயர் எஞ்சிய சாராருக்கே உரியதாதல் இயல்பு. மற்றொன்று, அக்கால அரசியல் நிலை. 1639இல் சென்னைக் கடற்கரையை ஆங்கிலேயருக்கு வழங்கிய தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரும், அவருக்கு மேல் சந்திரகிரியையும் வேலூரையும் தலைமையிடமாகக் கொண்டிருந்த விசயநகர ஆரவீடு மரபினரும் தெலுங்கு மொழியைப் பேணியவர்கள். அந்தக் கொடையை 1645இல் உறுதிசெய்த மூன்றாம் சீரங்கராயரும் அம்மரபினரே. சென்னை ஆங்கிலேயர் முதலில் உறவாடிய அரசாளும் புறச்சமயத்தார் தெலுங்கராக இருந்தமையால், அப்பெயர் அவர்கள்மேல் நிலைத்திருத்தல் கூடும். திருப்பதிக்கு அண்மையில் உள்ள சந்திரகிரிக்கும் சென்னை ஆங்கில வழக்குக்கும் இடையே இத்தகைய ஒரு தொடர்பு உண்டு எனலாம்.

வடுகும் அரவமும்

ஐரோப்பியர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இவ்விரு மொழியினரும் ஒருவருக்கொருவர் பெயரிட்டிருந்தனர். வேங்கடத்திற்கு வடக்கே வாழ்ந்தோரைச் சங்க இலக்கியம் வடுகர் என்கிறது. வேங்கடத்திற்கு அப்பாற்பட்ட நிலத்தை மொழி வேறுபட்ட நிலமாகக் காட்டுகிறது. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனார் தமிழ் வழங்கும் நிலத்தின் வடவெல்லையாகக் கூறியதும் வேங்கடமே. வடுகு என்பது திசையடியாகப் பிறந்த பெயர். தமிழரின் நோக்கில் வடக்கே இருப்போர் வடுகர் ஆயினர்.

தெலுங்கர் தமிழை 'அரவம்' என்பர். சித்தூர் மாவட்டத்துத் தெலுங்கு வழக்கில் இப்பெயர் இன்றும் உயிரோடு உள்ளது. இதன் தோற்றம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. அருவா நாட்டின் பெயரடியாகப் பிறந்தது என்பது ஒரு கருத்து. தாலமி தம் நிலநூலில் குறிக்கும் 'அருவார்னோய்' மக்களை இந்நாட்டினரோடு இணைத்துப் பார்ப்பாரும் உளர். இக்கருத்தை ஏற்பின், தெலுங்கர் தம் எல்லையை அடுத்திருந்த தமிழ்நிலத்தின் பெயரை முழுத் தமிழுக்கும் விரித்தனர் என்பது பெறப்படும். மேலைக்கரையின் பெயரைப் போர்த்துகீசியர் தமிழுக்கு விரித்தமையும் இதனை ஒத்ததே. அண்டை நிலத்தைக் கொண்டு முழு இனத்தையும் சுட்டுதல் அயலார் பெயரிடும் முறைகளுள் ஒன்று என்பதற்கு இவையிரண்டும் தக்க சான்றுகளாகும்.

தமிழ்ச்சொல்லான வடுகும் ஐரோப்பிய வழக்கில் புகுந்தது. 1544ஆம் ஆண்டளவில் முத்துக்குளித்துறைப் பரதவர்மீது நிகழ்ந்த படையெடுப்பைக் குறிக்கும் பிரான்சிஸ் சேவியரின் மடல்களில் 'படகர்' என வருவோர் விசயநகரச் சார்புடைய வடுகப் படையினரே. ஆகத் தெலுங்கர் தெற்கே படைவீரராக அறியப்பட்ட இடத்தில் ஒரு பெயரும், சென்னையில் ஆட்சியாளராகவும் வணிகராகவும் அறியப்பட்ட இடத்தில் மற்றொரு பெயரும் பெற்றனர். பெயர், பெயர் பெறுவோரைவிடப் பெயரிடுவோர் நின்ற இடத்தையே மிகுதியாகக் காட்டுகிறது.

இருபெயர்களும் ஒரே ஆளும்

இச்சொற்கள் மொழியைச் சுட்டின என்பதைக் கொண்டு, அவை இனத்தையும் பிழையின்றிச் சுட்டின என்று கொள்ளுதல் தவறாகும். இதற்குத் தெளிவான சான்று கண்டி அரசர் வரலாற்றில் உள்ளது. 1739 முதல் கண்டியை ஆண்ட நாயக்கர் மரபினர், மதுரைப் பகுதியிலிருந்து மணவுறவு வழியே அவ்வரியணைக்கு வந்தவர்கள். அவர்தம் முன்னோர் வடுகர். 1815 மார்ச் 2இல் கையெழுத்தான கண்டி உடன்படிக்கை, 'மலபார்' இனத்தாருக்குக் கண்டி ஆட்சியில் இருந்த உரிமை முழுவதும் ஒழிக்கப்பட்டதாக அறிவித்தது. சென்னை வழக்கின்படி ஜென்டூ மரபினர் எனப்படவேண்டியவர்கள் இலங்கை ஆவணத்தில் மலபார் ஆயினர்.

அம்மரபின் இறுதி அரசனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1816இல் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டு 1832இல் அங்கேயே மறைந்தான். வேலூர் அடங்கிய வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைமையிடம் அந்நூற்றாண்டில் சித்தூர் ஆகும். கொழும்பில் மலபார் என எழுதப்பட்ட ஒருவர், தெலுங்கர் ஜென்டூ என எழுதப்பட்ட சென்னை மாகாணத்தில் சிறையிருந்தார். ஒரே அரசின்கீழ், ஒரே காலத்தில், இடைப்பட்ட கடலைக் கடந்த அளவில் சொல்லின் பொருள் மாறியது. ஆவணத்தில் ஒருவரை மலபார் என்றோ ஜென்டூ என்றோ எழுதியிருப்பது கொண்டு அவர் வீட்டில் பேசிய மொழி இதுவெனத் துணிதல் எத்துணை இடர்ப்பாடுடையது என்பது இதனால் விளங்கும்.

இலங்கையில் இச்சொல் சட்டத்திலும் நிலைபெற்றது. யாழ்ப்பாணத்து வழக்கங்களை டச்சுக்காரர் 1707ஆம் ஆண்டளவில் தொகுத்த தேசவழமை, 1806இல் ஆங்கிலேயரால் சட்டமாக்கப்பட்டபோது, யாழ்ப்பாண மாகாணத்து 'மலபார்' குடிகளுக்கு உரியது என்றே குறிக்கப்பட்டது. அச்சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன் மலபார் என்னும் சொல்லுக்கு நீதிமன்றங்கள் தமிழர் என்றே பொருள்கொள்கின்றன. சென்னையில் இறந்துபட்ட ஒரு பொருள் யாழ்ப்பாணச் சட்டத்தில் உயிரோடிருக்கிறது.

பெயர்கள் மறைந்த முறை

இவ்விரு பெயர்களும் மறைந்த காலத்தை அகராதி, இலக்கண நூல்களின் தலைப்புகளைக் கொண்டே கணிக்கலாம். 1779இல் வேப்பேரியில் பெப்ரீசியஸ் வெளியிட்ட அகராதி, மலபார் மொழி அகராதி என்றே பெயர்தாங்கியது. எனினும் அதன் தலைப்பு, ஐரோப்பியர் பொதுவாக மலபார் என்றழைக்கும் தமிழ் மொழி என விளக்கமும் தருகிறது. 1816இல் கேம்பல் வெளியிட்ட தெலுங்கு இலக்கணத்தின் தலைப்பும் இதே அமைப்பினது. அது தெலுங்கு என முதலிற் கூறி, ஜென்டூ எனப் பொதுவாக வழங்கப்படுவது என்று பின்னர் விளக்குகிறது. பெப்ரீசியஸ் நூலில் அயற்பெயர் முன்னும் தன்பெயர் பின்னும் நிற்க, கேம்பல் நூலில் இவ்வரிசை தலைகீழாயிற்று. இடைப்பட்ட 37 ஆண்டுகளில் நிகழ்ந்த கருத்து மாற்றத்தை இவ்வரிசை மாற்றம் காட்டுகிறது. ஆயினும் 1817இல் வெளியான வில்லியம் பிரௌனின் இலக்கணம் மீண்டும் ஜென்டூ என்றே பெயர்கொண்டமையால், மாற்றம் ஒரே நாளில் நிகழவில்லை என்பதும் அறியப்படுகிறது.

இம்மாற்றத்திற்கு நிலைக்களமாக விளங்கியது 1812இல் தொடங்கப்பெற்ற சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி. அதனை உருவாக்கிய எல்லிஸ், கேம்பலின் இலக்கணத்திற்கு எழுதிய குறிப்பில் தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலியன ஒரே குடும்பத்தின என்றும், அவை வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல என்றும் வேர்ச்சொற்களைக் காட்டி நிறுவினார். கல்லூரியின் தெலுங்கு, வடமொழித் தலைமையாசிரியரான பட்டாபிராம சாஸ்திரியின் உழைப்பு இதற்குத் துணைநின்றது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவருவதற்கு 40 ஆண்டுகள் முன்பு இது நிகழ்ந்தது.

மொழிக்குடும்பம் என்னும் கருத்துத் தோன்றியபின் பழைய பெயர்கள் நில்லா. சமயத்தின் பெயரால் ஒரு மொழியையும், அயல்நிலத்தின் பெயரால் மற்றொரு மொழியையும் சுட்டிக்கொண்டு அவ்விரண்டும் உடன்பிறந்தவை என்று கூறுதல் இயலாது. ஒப்பிடுவதற்குத் தன்பெயர்கள் வேண்டப்பட்டன. 1834 முதல் வெளிவந்த ராட்லரின் அகராதி தமிழ் அகராதியாகவும், 1852இல் வெளிவந்த சி. பி. பிரௌனின் அகராதி தெலுங்கு அகராதியாகவும் பெயர்பெற்றன. 1886இல் யூலும் பர்னலும் தம் ஆங்கில-இந்தியச் சொற்களஞ்சியத்தில் இச்சொற்களைத் தொகுத்தபோது, அவை விளக்கம் வேண்டும் பழஞ்சொற்களாகிவிட்டன.

எல்லைப்பகுதியும் ஆவணச் சொற்களும்

வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் தோன்றியபோது அது அம்மாநிலத்தில் சேர்ந்தது. ம. பொ. சிவஞானம், மங்கலங்கிழார் ஆகியோர் முன்னின்ற வடவெல்லைப் போராட்டமும், அதற்கு எதிரான தெலுங்கர் தரப்பு வாதமும் மொழிச் சான்றுகளையே படைக்கலமாகக் கொண்டன. படாஸ்கர், சிற்றூரை அலகாகக் கொண்டு மொழிப் பெரும்பான்மையையும் நிலத்தொடர்ச்சியையும் நோக்கித் தந்த பரிந்துரையின் அடிப்படையில், 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி தமிழ்நாட்டோடு இணைந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று.

இவ்வழக்கைப் பற்றி எழுதுவோர் இரு தரப்பிலும் கும்பினி ஆவணங்களை மேற்கோள் காட்டுதல் உண்டு. அவற்றில் மலபார் எனக் காணும் இடத்தை மலையாளி எனக் கொள்வோர் ஒரு பிழையும், ஜென்டூ எனக் காணும் இடமெல்லாம் தெலுங்கர் எனக் கொள்வோர் மற்றொரு பிழையும் செய்வர். சென்னை அலுவலர் எழுதிய ஆவணம் எனின் ஜென்டூ தெலுங்கரைக் குறித்தல் பெரும்பான்மை. கல்கத்தாவிலிருந்து வந்தவர் எழுதியது எனின் அது இந்து என்னும் பொருளதாதல் கூடும். எழுதியவர், எழுதிய இடம், எழுதிய காலம் ஆகிய மூன்றையும் அறியாமல் இச்சொற்களைக் கணக்கிற் கொள்ளுதல் பொருந்தாது.

அன்றியும், இருவேறு பெயர்கள் இருந்தமையாலேயே இருவேறு வேலியிட்ட மக்கள் இருந்தனர் என்றும் கொள்ளலாகாது. திருமலை, திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகளுள் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. பத்தாம் நூற்றாண்டில் சாமவை என்னும் பல்லவ அரசி அளித்த கொடைகளைக் கூறும் கல்வெட்டும் அவற்றுள் ஒன்று. அதே மலையில் பதினைந்தாம் நூற்றாண்டில் தாள்ளபாக்க அன்னமாச்சாரியார் தெலுங்கில் பாடிய கீர்த்தனைகள் செப்பேடுகளில் பொறிக்கப்பெற்றுக் காக்கப்பட்டன. கிருஷ்ணதேவராயரின் கொடைகளைக் கூறும் கல்வெட்டுகள் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் உள்ளன. ஆழ்வார் பாசுரங்களும் அன்னமாச்சாரியார் கீர்த்தனைகளும் ஒரே சன்னிதியில் ஒலிக்கும் இடத்தை 'மலபார் கோயில்' என்றோ 'ஜென்டூ கோயில்' என்றோ பிரித்தல் இயலாது. அரசன் ஒருவன் மூன்று மொழிகளிலும் கொடையைப் பொறித்தான் எனின், அம்மூன்றையும் படிக்கவல்லார் அங்கு வந்து சென்றனர் என்பதே அதன் பொருள்.

முடிவுரை

மலபார் என்பது இடப்பெயராகப் பிறந்து மொழிப்பெயராகி, மீண்டும் தன் இடத்திற்கே திரும்பிய சொல். ஜென்டூ என்பது சமயப்பெயராகப் பிறந்து, சென்னையில் மட்டும் மொழிப்பெயராகச் சுருங்கி, பின் வழக்கொழிந்த சொல். முன்னது பொருளில் விரிந்தது. பின்னது பொருளில் சுருங்கியது. முன்னதன் பழம்பொருள் இன்று இலங்கைச் சட்டத்தில் எஞ்சியுள்ளது. பின்னது தென்கடற் பெங்குவின் இனம் ஒன்றின் பெயராக மட்டும் ஆங்கிலத்தில் கேட்கப்படுகிறது.

இவ்விரு சொற்களையும் வழக்கிலிருந்து நீக்கியது அரசாணையன்று. தமிழையும் தெலுங்கையும் அருகருகே வைத்து ஒப்பிட்ட மொழியாராய்ச்சியே அவற்றை வேண்டாதனவாக்கியது. சித்தூர், திருப்பதிப் பகுதியின் மொழி வரலாற்றை எழுதுவோர்க்கும் அதுவே வழிகாட்டி எனலாம். அயலார் எழுதிய ஆவணங்களில் உள்ள பெயர்களை எண்ணிக் கூட்டுவதைவிட, இம்மண்ணின் கல்வெட்டுகளையும் ஊர்ப்பெயர்களையும் வழக்குச் சொற்களையும் இரு மொழியும் அறிந்து ஒப்பிடுதல் உறுதியான சான்றுகளைத் தரும். அப்பணியைத் தமிழ்த்துறையினர் தனித்தோ தெலுங்குத்துறையினர் தனித்தோ நிறைவேற்றுதல் அரிது. எல்லிஸும் பட்டாபிராம சாஸ்திரியும் போல இருதிறத்தாரும் ஒருங்கமர்ந்து செய்யத்தக்க பணி அது.